மஞ்சள் தாளின் பூஜ்ஜியம்

மார்ச் 4, செவ்வாய்

இவ்வளவு நேரங்கழித்து எழுத வந்ததற்கு மன்னித்துக்கொள். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. காலேஜ் நாட்களில் இருந்த பழக்கம், இடையில் விட்டுப்போனது. இன்றைக்கு நோட்டை மறுபடி எடுத்ததற்குக் காரணம், பேச ஆள் இல்லை. ஆள் இல்லாமல் என்ன? அவர் இருக்கிறார், அத்தை இருக்கிறார். வாயைத் திறந்தால் எது வெளியே வரும் என்று பயமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

வேலைக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. என்ன வேலை என்று பக்கத்து வீட்டு அம்மாவுக்கு விளக்கப் போய், "ஆஸ்பத்திரியில படம் பாக்கறதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்று கேட்டுவிட்டார். கிட்டத்தட்ட அதுதான். மனநலப் பிரிவில் நோயாளிகளோடு டாக்டரம்மா உட்கார்ந்து பேசுவதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் இன்னும் டேப் என்றுதான் சொல்கிறோம். நாலு பேர், தனித்தனி அறை, காதில் ஹெட்போன். கையில் மனச்சோர்வை அளக்கிற அளவுகோல் ஒன்று. தூக்கம், பசி, குற்ற உணர்வு, நம்பிக்கை இழப்பு என்று வரிசையாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் எண் போட வேண்டும். அறவே இல்லை என்றால் பூஜ்ஜியம். அதைத் தவிர வேறு எதுவும் மனதில் இல்லை என்றால் நாலு.

நாங்கள் சோதிப்பது நோயாளியை அல்ல, அந்த அளவுகோலைத்தான். நாலு பேர் ஒரே ஆளைப் பார்த்து ஒரே எண்ணைப் போட்டால் கோல் நம்பத்தகுந்தது. ஆளுக்கு ஒன்று போட்டால் அது கோல் இல்லை, ரப்பர். அதனால் கறாரான விதி: அந்தச் சுற்று முடிகிறவரை டேப்பைப் பற்றி ஒருவரோடு ஒருவர் வாயே திறக்கக்கூடாது.

தாள் கலந்துபோகாமல் இருக்க ஆளுக்கொரு நிறம். நான் மஞ்சள், மற்ற மூவர் பச்சை, ரோஸ், நீலம். எதிர் அறை பச்சை. பல வருஷம் ஆலோசகராக இருந்தவர், நாற்பதைத் தொடப்போகிறார். பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே மறந்துவிட்டோம். "வா மஞ்சள், முகம் என்ன வெளுத்துப் போன சட்டை மாதிரி இருக்கு?" என்றார் காலையில்.

"தூக்கம் இல்லக்கா."

"குழந்த தூங்கவிடலயா, நீ தூங்கலயா?"

சிரித்து வைத்தேன். இரண்டும் வேறு என்று அவருக்குத் தெரியும். கேள்வி கேட்டே பழகின ஆள்.

மதியம் ஒரு டேப்பில், கதவுக்கு வெளியே எங்கேயோ ஒரு குழந்தை அழுதது. நோயாளிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துபோய்விட்டது. நோயாளி அந்த நேரம் என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை. பின்னால் ஓட்டிப் பார்த்துத்தான் எண் போட்டேன்.

மார்ச் 6, வியாழன்

குழந்தையைக் குளிப்பாட்டியது இன்றைக்கும் அத்தைதான். நான் துண்டு எடுத்து வருகிறேன் என்று போனேன். துண்டு என் தோளில்தான் கிடந்தது.

மார்ச் 7, வெள்ளி

வாராந்திரக் கூட்டம். எங்கள் புள்ளிவிவரக்காரருக்குத் தசமம் என்று பெயர் வைத்திருக்கிறோம். மூன்று தசம இடம் இல்லாமல் அவர் வாயிலிருந்து எதுவும் வராது. "சாப்பிட்டாச்சா சார்?" என்று பச்சை அக்கா கேட்டால் "பூஜ்ஜியம் புள்ளி ஏழு அஞ்சு பூஜ்ஜியம்" என்பார். சிரிக்காமல் சொல்வார்.

எத்தனை தடவை கேட்டாலும் மறந்துவிடும் ரோஸ் தாளுக்காக மறுபடி முதலிலிருந்து விளக்கினார். "ரெண்டு பேர் ஒத்துப்போறது பெரிய விஷயமில்லம்மா. கண்ண மூடிக்கிட்டு எண்ணப் போட்டாக்கூடக் கொஞ்சம் ஒத்துப்போகும். அந்தக் குருட்டாம்போக்கக் கழிச்சிடணும். கழிச்சது போக மிச்சம் என்ன நிக்குதோ, அதுக்குப் பேர்தான் கப்பா."

பஸ்ஸில் வரும்போது எனக்கும் வீட்டுக்காரருக்கும் கப்பா போட்டுப் பார்த்தேன். உப்பு, மின்விசிறி, எந்தப் பக்கம் படுப்பது, எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறோம். "உன் பெண்டாட்டி எப்படி இருக்கிறாள்?" என்று ஒரு கேள்வி வைத்தால்? அவர் நல்லா இருக்கா என்பார். நான்? — நானும் அதையேதான் சொல்வேன். நூற்றுக்கு நூறு ஒத்துப்போகும். இரண்டு பேரும் தப்பாகப் போட்டாலும் கப்பா உயரமாகத்தான் வரும், இல்லையா? இதைத் தசமத்திடம் கேட்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் எங்கள் ஒத்துப்போகும் எண் சரிந்திருக்கிறது. எல்லா அம்சத்திலும் இல்லை, மூன்று நான்கில் மட்டும். "யாரோ நழுவறீங்க," என்றார் டாக்டரம்மா. திட்டுகிற குரல் இல்லை. பயிற்சியில் எல்லோரையும் ஒரு கோட்டில் நிறுத்தி வைத்தாலும், நாளாக நாளாக ஒருவருடைய கோல் அவருக்கே தெரியாமல் இறங்கும், அல்லது ஏறும். அதற்கு நழுவல் என்று பெயர். யார் என்று அவர் சொல்லவில்லை. இப்படியே போனால் அந்த ஆளை நிறுத்திவிட்டு வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார்.

போன மாதம்தான் நான் பிரசவ விடுப்பு முடிந்து திரும்பினேன். இதற்குக் கணக்கு எதற்கு.

மார்ச் 10, திங்கள்

இந்த வேலை போகக்கூடாது. பணத்துக்காக இல்லை. இந்த வேலை இல்லை என்றால் நாள் முழுக்க நானும் சுண்டெலியும் மட்டும்.

சுண்டெலி என்பது எங்கள் மகளுக்கு அவர் வைத்த செல்லப் பெயர். நாலு மாதம். அழும்போது உதடு ஒரு பக்கமாகக் கோணும். அவ்வளவு அழகு. அவளோடு தனியாக இருக்க எனக்குப் பயம். இதோ எழுதிவிட்டேன். கையை விட்டுவிடுவேனோ என்று பயம். ஜன்னல் பக்கம் போனால் பயம். தண்ணீர் என்றால் பயம். செய்ய வேண்டும் என்று ஆசை இல்லை, சத்தியமாக இல்லை, படம் மட்டும் வருகிறது. வந்துகொண்டே இருக்கிறது. நான் என்ன மாதிரி அம்மா?

இதை யாரிடம் சொல்வது? சொன்னால் எழுதிக்கொள்வார்கள். எழுதினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

போன மாதம் தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் ஒரு தாள் கொடுத்தார். எல்லாத் தாய்மார்களுக்கும் கொடுப்பதுதான். கடந்த ஒரு வாரத்தில் நீங்கள் சிரித்தீர்களா, உங்களை நீங்களே குறை சொன்னீர்களா என்று கேள்விகள். எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால் டாக்டரிடம் அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்குக் கொஞ்சம் கீழே கொண்டுவந்து நிறுத்தினேன். ஒரேயடியாகப் பூஜ்ஜியமாகப் போட்டால் சந்தேகம் வரும். அதுவும் தெரியும். இதற்குத்தானே படித்தேன். "நல்லா இருக்கீங்கம்மா, எல்லாருக்கும் இருக்கிற அசதிதான்," என்றார் நர்ஸ். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. என்னை ஏன் நம்பினீர்கள்?

ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் புலம்பல். லிஃப்ட் பழுது பார்ப்பவர், அன்றாடம் ஒரு கதை கொண்டுவருவார். "ஏழாவது மாடியில ரெண்டு இன்ச் தாழ்ந்து நிக்குது. இறங்குறவன் எல்லாம் தடுக்கி விழறான். உள்ள பாத்தா, ஏழுன்னு ஜம்முனு வெளிச்சம் போட்டுக்கிட்டு நிக்குது. அதப் பொறுத்தவரைக்கும் அது சரியாத்தான் நிக்குதாம்."

"உன்ன மாதிரியே இருக்குடா," என்றார் அத்தை.

எல்லோரும் சிரித்தோம். நானும்.

மார்ச் 13, வியாழன்

சுண்டெலி தூங்கினாள். நான் அவள் மூச்சு நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், ஜன்னல் வெளுக்கிறவரை.

மார்ச் 14, வெள்ளி

கூட்டத்தில் இன்றைக்குப் பெயர் சொல்லிவிட்டார்கள். பெயர் என்றால் நிறம். தசமம் திரையில் கோடு போட்டுக் காட்டினார். பச்சை, ரோஸ், நீலம் மூன்றும் பின்னிக்கொண்டு போகின்றன. மஞ்சள் கீழே தனியாகப் போகிறது. குற்ற உணர்வு, தூக்கம், நம்பிக்கை இழப்பு, சாக வேண்டும் என்ற எண்ணம் — இந்த நாலிலும்தான். பசியில், வேலை செய்யும் வேகத்தில் எல்லாம் மற்றவர்களோடு ஒட்டிக்கொண்டுதான் போகிறேன். கவனக்குறைவு என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. கவனக்குறைவு எல்லா இடத்திலும் இருக்கும்.

"குறைச்சுப் போடறீங்க," என்றார் டாக்டரம்மா. "ஏன்னு யோசிச்சீங்களா?"

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "மேடம், தன்னால பிள்ளைக்குக் கெடுதல்னு ஒரு அம்மா நினைக்கறது சகஜம்தானே? அதுக்குப் போய் எப்படி மூணு போடறது? அப்புறம் எல்லாருக்கும் மூணு போட வேண்டியிருக்கும்."

 

பச்சை அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "யாருக்கு சகஜம், மஞ்சள்?"

டாக்டரம்மா குறுக்கிட்டார். "டேப்பப் பத்தி இப்பப் பேச வேண்டாம். சுற்று முடியட்டும். இன்னும் ஒரு வாரம் பாக்கலாம்." விதி விதிதான். இந்த விதி வாழ்க. பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

தப்பித்தேனா?

யாருக்கு சகஜம். எல்லாருக்கும்தான். எல்லா அம்மாவும் இப்படித்தான் இருப்பார்கள், வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மாவும் அப்படித்தான் இருந்திருப்பார். இல்லையா? இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் —

சுண்டெலி அழுகிறாள்.

மார்ச் 17, திங்கள்

இனிமேல் கையேட்டை வரிக்கு வரி பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எண் போடுவது என்று முடிவு செய்தேன். செய்தும் பார்த்தேன். "குற்ற உணர்வு அன்றாட வாழ்க்கையைக் குலைக்கிறது: மூன்று." சரி. குலைக்கிறது என்றால் என்ன? நான் எழுந்திருக்கிறேன், பால் கொடுக்கிறேன், பஸ் பிடிக்கிறேன், வேலைக்கு வருகிறேன். எனக்கு ஒன்றும் குலையவில்லையே. அப்படியானால் அவர்களுக்கும் குலையவில்லை.

இன்றைய டேப்பில் ஓர் அம்மா. பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், இப்போதே எழுந்து போய்விடுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கைக்குட்டையை விரலில் சுற்றுவார், அவிழ்ப்பார், சுற்றுவார். டாக்டரம்மாவின் குரல் மட்டும் கேட்கும். பையனைப் பற்றிக் கேட்கிறார்.

"நான் பக்கத்துல இல்லாட்டி அவன் நல்லா வளருவான் டாக்டர். நான் அவனுக்குப் பிடிச்ச சீக்கு. காலையில கண்ணே முழிக்காம இருந்துட்டா எல்லாருக்கும் நிம்மதி. தப்பா எடுத்துக்காதீங்க. சும்மா தோணுது, சொல்றேன்."

எவ்வளவு அமைதியாகச் சொல்லிவிட்டார். பொறாமையாக இருந்தது. எனக்கு யாராவது அப்படி ஒரு நாற்காலி போட்டு, குரலை மட்டும் எதிரே வைத்தால் —

ஒன்று போட்டேன். குற்ற உணர்வு ஒன்று, சாக வேண்டும் என்ற எண்ணம் ஒன்று. சும்மா தோன்றுகிறது என்று அவரே சொல்கிறாரே. எனக்கும் தோன்றத்தான் செய்கிறது.

மார்ச் 19, புதன்

சாயங்காலம் பஸ்ஸில் என் ஸ்டாப் வந்தது. பார்த்தேன். கடை, மருந்துக்கடை, எங்கள் தெரு முனை எல்லாம் தெரிந்தது. இறங்கவில்லை. இறங்காவிட்டால் என்ன என்று தோன்றியது. அந்த நினைப்பில் பயமே இல்லை, அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. வீட்டில் அத்தை இருக்கிறார், பால்பொடி டப்பா இருக்கிறது, அவர் இருக்கிறார். என்னைத் தவிர எல்லாம் இருக்கிறது, எதுவும் குறையாது.

ஒவ்வொருவராக இறங்கிப் போய் வண்டி காலியானது. டிரைவர் எழுந்து வந்து நின்றார். "அம்மா, இதுக்கு மேல வண்டி போவாதும்மா."

"தெரியாம உக்காந்துட்டேன்."

"எங்க போகணும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு நெஞ்சுப் பக்கம் நனைந்திருந்த சேலையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "வீட்டுல சின்னக் கொழந்தையாம்மா? உக்காருங்க. அஞ்சு நிமிஷத்துல இதே வண்டிதான் திரும்புது. உங்க ஸ்டாப் வந்ததும் நான் சத்தம் போடறேன்."

சத்தம் போட்டார். இறங்கினேன்.

வீட்டில், பஸ் லேட் என்று சொன்னேன். நம்பினார்கள். எல்லோரும் என்னை நம்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

மார்ச் 21, வெள்ளி

நிதானமாக எழுத வேண்டும். அவசரப்பட்டால் எழுத்து எனக்கே புரியாமல் போய்விடும்.

சுற்று முடிந்தது. இன்றைக்குக் கூட்டம் இல்லை. டாக்டரம்மாவின் அறையில் அவர், தசமம், பச்சை அக்கா, நான். பச்சை அக்கா எதற்கு என்று புரியவில்லை. டாக்டரம்மா வரச் சொல்லியிருந்தாராம்.

தசமம் இருமினார். "நடுவுல ஆளுக்கொரு பழைய டேப்பக் கலந்து விட்டிருந்தோம்மா. பயிற்சிக் காலத்துல எல்லாரும் சேந்து பேசிப் பாத்தது. நம்பர மட்டும் மாத்தி. ஒருத்தர் தன்னோட தானே ஒத்துப்போறாரான்னு பாக்கறதுக்கு. வழக்கமா செய்யறதுதான்." மற்ற மூன்று பேரும் அன்றைக்குப் போட்டதையே இன்றைக்கும் போட்டிருக்கிறார்கள், அங்கங்கே ஒரு எண் கூடக் குறைய.

எனக்கு வந்தது அந்தக் கைக்குட்டை அம்மாவின் டேப்.

நான் அதை முன்பே பார்த்திருக்கிறேனாம். ஒன்றரை வருஷம் முன்னால். கல்யாணம் ஆன புதிது, வயிற்றில் யாரும் இல்லை. எனக்கு நினைவே இல்லை. அந்த நாற்காலி நினைவில்லை, கைக்குட்டை நினைவில்லை. முதல் தடவையாகப் பார்க்கிற முகம் போலத்தான் பார்த்தேன்.

"அன்னிக்கி மூணு," என்றார் தசமம். "இன்னிக்கி ஒண்ணு. ரெண்டு அம்சத்துலயும்." தசம இடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பச்சை அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். "சுற்று முடிஞ்சுது, இப்பப் பேசலாம்தானே மேடம்? மஞ்சள், நிஜமாவே மறந்துட்டியா? நாங்க மூணு பேரும் ரெண்டு போதும்னு சொன்னோம். நீதான் மேசையத் தட்டித் தட்டி சண்ட போட்டே. 'சும்மா தோணுதுன்னு சொல்றாங்க பாருங்க, அந்த சும்மாதான் பயமா இருக்கு. இந்தம்மாவ இன்னிக்குத் தனியா வீட்டுக்கு அனுப்பினா பாவம் நமக்குத்தான்'னு கத்தினே. உன் தம்ளர் உருண்டு என் தாள் எல்லாம் தண்ணி. மேடமே உன் பக்கம் வந்தாங்க. அப்புறம் நாங்க எல்லாரும் மூணு."

தம்ளர் உருண்டது நினைவுக்கு வந்தது. அது மட்டும்.

"டேப் மாறல. கோல் மாறல," என்றார் டாக்டரம்மா.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் வரிசையாகப் புரிந்தது. எந்தக் கோலுக்கும் ஒரு பூஜ்ஜியம் வேண்டும், அங்கிருந்துதான் எண்ண வேண்டும். நான் என்னைப் பூஜ்ஜியமாக வைத்துக்கொண்டு எண்ணியிருக்கிறேன். என்னைவிடக் கொஞ்சம் மோசமாக இருந்தால் ஒன்று. அப்படியானால் ஒன்று போட்ட இடத்தில் அந்தக் கைக்குட்டை அம்மா நிஜமாக மூன்றில் இருந்தால், பூஜ்ஜியத்தில் இருக்கிற நான் எங்கே இருக்கிறேன்?

"யாருக்கு சகஜம்னு அன்னிக்குக் கேட்டேன்," என்றார் பச்சை அக்கா, மெதுவாக. "பதில் சொல்லலியே நீ."

"தூக்கம் இல்லக்கா. அவ்வளவுதான். தலவலி. நான் கிளம்பறேன் மேடம்."

ஓடி வந்துவிட்டேன். பையைக்கூட மறந்துவிட்டு.

மார்ச் 22, சனி

சொல்ல வேண்டும். யாரிடம்? எப்படி ஆரம்பிப்பது?

ஏழாவது மாடி என்று வெளிச்சம் போட்டுக்கொண்டு நிற்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

அவர் வீட்டில் இருந்தார். அத்தை வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் நழுவிப் போக எழுந்தேன். வாசல்படியில் கால் நின்றுவிட்டது.

"என்னங்க, இங்க வாங்க. நீங்களும் கூட இருங்க."

"பொண்ணு குளிக்கறதுக்கு எத்தன பேரு? ஊர்வலமா?" என்று சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்னால முடியல. நான் தொட்டா கைய விட்டுடுவேன். தண்ணியில. எனக்குத் தினமும் அதுதான் தெரியுது. கண்ண மூடினாலும் தெரியுது. புதன்கிழம பஸ் லேட் இல்ல. நான் இறங்கல. இறங்கணும்னு தோணல. நான் இல்லாட்டி அவ நல்லா வளருவா —"

அந்த அம்மாவின் வாக்கியம் அப்படியே என் வாயில் வந்தது. அதைக் காதால் கேட்டேன். ஹெட்போனில் கேட்பது போல.

அவர் சிரிப்பை நிறுத்தியதைப் பார்த்தேன். ஒரு மனிதர் முகத்தில் சிரிப்பு நிற்பதை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், நான் விழுந்துவிடுவேன் என்பது போல.

அத்தை சுண்டெலியை மடியில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் என்ன நினச்சேன் தெரியுமா?" என்றார். "தண்ணி வெச்ச உடனே இவ தினம் தினம் எங்கயோ போயிடறாளே, மாமியார் இருக்கா செய்யட்டும்னு போறா, வேலக்கி வளையாத பொண்ணுன்னு நினச்சேன். என் தங்கச்சிகிட்ட போன்ல சொல்லிச் சிரிச்சேன்டி. பாவி, வாயத் திறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா குழந்தையத் தூக்கிட்டுப் போயிடுவாங்க அத்த."

"யாரு? என்னத் தாண்டியா?"

அத்தை இருக்கிற இருப்புக்கு நாலு ஆள் வந்தாலும் தாண்ட முடியாது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அழுகையானது. வெந்நீர் ஆறிவிட்டது. மறுபடி விளாவினோம். அத்தை தலையைத் தாங்க, அவர் தண்ணீர் ஊற்ற, நான் ஒரு விரலால் பாதத்தை மட்டும் தேய்த்தேன். மூன்று பேர் ஒரு சுண்டெலிக்கு.

படம் வந்தது. வரத்தான் செய்தது. ஆனால் மூன்று பேர் இருந்தார்கள்.

மார்ச் 27, வியாழன்

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூட வேலை பார்ப்பவளைத் தானே பார்க்கக்கூடாது என்று சொல்லி, வேறு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடம் அனுப்பினார். வீட்டுக்காரர் என்னோடு வந்தார், வெளியே சுண்டெலியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அறையில் டாக்டரும், கூடப் பயிற்சியில் இருக்கிற ஒரு பெண்ணும். நாற்காலி பிளாஸ்டிக் இல்லை. நான் மட்டும் அதன் நுனியில்தான் உட்கார்ந்திருந்தேன், அப்புறம்தான் கவனித்தேன்.

அதே அளவுகோல். ஒவ்வொரு கேள்வியும் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். "அது ரெண்டு டாக்டர்," என்றேன்.

அவர் பேனாவை நிறுத்தினார். "எண்ணச் சொல்லாதீங்கம்மா. அது எங்க வேல. நடந்ததச் சொல்லுங்க."

நடந்ததைச் சொல்வது எவ்வளவு கஷ்டம். எண் சுலபம். நேற்று ராத்திரி என்ன நடந்தது, அதற்கு முந்தின ராத்திரி என்ன நடந்தது, பஸ்ஸில் என்ன நினைத்தேன். சொல்லச் சொல்ல எனக்கே யாரோ ஒருத்தியின் டேப்பைப் பார்ப்பது போல் இருந்தது. அவளைத் தனியாக வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்று தோன்றியது.

குழந்தையைப் பிரித்துவிடுவீர்களா என்று கேட்டேன். எட்டு தடவை கேட்டிருப்பேன். "உங்களக் குணப்படுத்தறதுக்கு அவள எதுக்கும்மா பிரிக்கணும்? இந்தப் படங்கள் வர்றத நினச்சு நீங்க நடுங்கறீங்க பாருங்க, அதுவே உங்களுக்கு அந்த ஆசை இல்லன்னு காட்டுது, அதையும் எழுதிக்கறேன்," என்றார். மாத்திரை. வாரம் ஒரு முறை பேச வர வேண்டும். கொஞ்ச நாளைக்கு வீட்டில் என்னைத் தனியாக விடக்கூடாது. பால் கொடுக்கலாம்.

கிளம்பும்போது அவரும் அந்தப் பெண்ணும் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பழக்கதோஷம், எட்டிப் பார்த்தேன். ஒருவரை ஒருவர் கேட்காமல் தனித்தனியாகத்தான் போட்டிருந்தார்கள். ஒத்துப்போயிருந்தது. குருட்டாம்போக்கு இல்லை.

என்னைப் பற்றி இரண்டு பேர் சரியாக ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை.

மார்ச் 30, ஞாயிறு

மாத்திரைக்கு வாய் வறள்கிறது. பயம் அப்படியே இருக்கிறது. டாக்டர் சில வாரம் ஆகும் என்றார். அதுவரை என்ன செய்வது என்று கேட்டதற்கு, காத்திருங்கள், ஆனால் ஆட்களோடு காத்திருங்கள் என்றார். அத்தை சமையலறைக்குப் போனால்கூட என்னையும் கூப்பிட்டுக்கொண்டு போகிறார். "வா, வேலக்கி வளையாதவளே."

சில நேரம் இன்னும் பஸ்ஸை நினைக்கிறேன்.

ஏப்ரல் 2, புதன்

பச்சை அக்காவுக்கு அனுப்பியதை இங்கே எழுதி வைக்கிறேன். அனுப்பிவிட்டுத்தான் எழுதுகிறேன், முதலில் எழுதினால் அனுப்ப மாட்டேன்.

அக்கா, இந்த நேரத்துல தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்கோங்க. என் பைய வீடு வரைக்கும் கொண்டுவந்து குடுத்துட்டு, உள்ள வராமலே போயிட்டீங்கன்னு அத்தை சொன்னாங்க. அன்னிக்கு நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லாம ஓடிட்டேன். சகஜம் எனக்குத்தான் அக்கா. வேற யாருக்கும் இல்ல. இப்ப டாக்டர்கிட்ட போறேன். என் தாளையெல்லாம் ஒதுக்கிடச் சொல்லி மேடம்கிட்ட நானே சொல்லிட்டேன். மஞ்சள வேற யாருக்காவது குடுத்தாலும் பரவால்ல. திரும்பி வர்றப்ப வேற கலர்ல உக்காந்துக்கறேன்.

ஒண்ணு மட்டும் கேக்கணும். அந்தக் கைக்குட்டை அம்மா. நான் சண்ட போட்டு மூணு போட வெச்சேன்னு சொன்னீங்களே, அதுக்கப்புறம் அவங்களுக்கு என்ன ஆச்சு? நாம கேக்கக் கூடாதுன்னு தெரியும். மேடத்துக்குத் தெரிஞ்சிருக்கும், கேட்டுச் சொல்லுங்க. பேர் வேண்டாம், எண்ணும் வேண்டாம். அவங்க இருக்காங்களா, அந்தப் பையன் அவங்க கூட இருக்கானா, அது மட்டும் போதும். எனக்கு அது தெரியணும் அக்கா. முழிச்சுத்தான் இருக்கேன். சீக்கிரம் பதில் போடுங்க.